ஆயிரங்கால் பூச்சியின் கால்களை எண்ணிய வரலாறு



பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு மரவட்டையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மங்கைத் துடைக்கக் குனிந்தால் மரத்தடியில் ஊர்ந்து கொண்டிருக்கும். மழை ஓய்ந்த இரவில் குளியலறைச் சுவரில் ஏறும். விரலால் தொட்டால் நாணயத்தைப் போல் வட்டமாகச் சுருண்டு கொள்ளும். பிள்ளைகள் இதை ‘ரயில் பூச்சி’ என்று கூப்பிடுவதும் உண்டு. பெயரில் ‘அட்டை’ ஒட்டியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பூரான் வேறு, இது வேறு. பூரானுக்குக் கணுவுக்கு ஒரு சோடிக் கால். ஓடும், கடிக்கும், விஷமும் உண்டு. மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு சோடிக் கால்கள். மெதுவாக நகரும், உதிர்ந்த இலையையும் மக்கிய மரத்தையும் தின்று மண்ணாக்கும்.

இதை ஆங்கிலத்தில் ‘மில்லிபீட்’ என்கிறார்கள். இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். ‘ஆயிரம் பாதம்’ என்பது அதன் பொருள். நாமும் ‘ஆயிரங்கால் பூச்சி’ என்கிறோம். ஆனால் இந்தப் பெயர் நெடுங்காலம் பொய்யாகவே இருந்து வந்தது. உலகில் பெயரிடப்பட்ட மரவட்டை இனங்கள் ஏறத்தாழ 12,000. பல இனங்களுக்கு நூறுக்கும் குறைவான கால்கள். சில இனங்களுக்கு இருநூறு, முந்நூறு. ஆயிரம் கால் உள்ள ஒன்றைக்கூட எவரும் கண்டு எழுதியதில்லை. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள்தான் அந்தப் பெயர் மெய்யானது. அன்று வெளியான ஓர் அறிவியல் கட்டுரை, 1306 கால்கள் கொண்ட மரவட்டையை உலகுக்கு அறிவித்தது. அந்தப் பூச்சி எப்படிக் கிடைத்தது, அதற்கு எப்படிப் பெயர் வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு பூச்சியைக் கண்ணால் பார்ப்பது வேறு. அறிவியல் அதை அறிந்ததாக ஏற்றுக் கொள்வது வேறு. ஏற்றுக் கொள்வதற்கு ஒரு சடங்கு உண்டு. பிள்ளை பிறந்தால் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கிறோம் அல்லவா? சான்றிதழ் இல்லாத பிள்ளை படும் பாட்டைத் தோட்டத்து மக்கள் நன்கு அறிவார்கள். பிள்ளை கண்முன்னே நிற்கும்; ஆனால் அரசாங்கத்தின் ஏட்டில் அது இல்லை. உயிரினங்களின் நிலையும் அதுவே. இந்தப் பதிவு முறைக்கு அடிப்படை போட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ். 1758-இல் வெளிவந்த அவருடைய நூற்பதிப்பே விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்குத் தொடக்கம் என்று கொள்ளப்படுகிறது. ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்கள் கொண்ட பெயர். முதற்சொல் குடும்பப் பெயரைப் போல, இரண்டாவது சொல் சொந்தப் பெயரைப் போல. மரவட்டைகள் சிலவற்றுக்கும் அவரே பெயர் வைத்தார்.

அடுத்து நாம் சந்திக்க வேண்டியவர் ஓர் அமெரிக்கர். பெயர் ஓரேட்டர் ஃபுல்லர் குக். 1867-இல் பிறந்தவர், 1949-இல் மறைந்தவர். இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்க விவசாயத் துறையில் தாவர ஆராய்ச்சியாளராக இருந்த இவர், ரப்பர் மரத்தைப் பற்றியும் எழுதியவர். நம் தோட்டங்களில் வெட்டிய மரம் ஹேவியா. அதன் கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அந்தக் காலத்தில் ரப்பர் தரும் வேறு மரங்களையும் உலகெங்கும் பயிரிட்டுப் பார்த்தார்கள். மத்திய அமெரிக்காவின் காஸ்டில்லா மரம் அவற்றுள் ஒன்று. அதை வளர்ப்பது பற்றி 1903-இல் குக் ஒரு நூல் எழுதினார். காஸ்டில்லா தோற்றது, ஹேவியா வென்றது. ஹேவியா வென்றதால்தான் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பல் ஏறினார்கள் என்பது தனிக்கதை.

இந்த ரப்பர் ஆராய்ச்சியாளருக்கு மரவட்டைகள் மீது தீராத ஆசை. பயிர் பார்க்கப் போன இடமெல்லாம் கல்லைப் புரட்டி, இலைக் குப்பையைக் கிளறி மரவட்டை தேடினார். பல இனங்களுக்குப் பெயர் வைத்தார். 1926-இல் கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ வட்டாரத்தில் நூல் போல் மெலிந்த ஒரு மரவட்டை அவருக்குக் கிடைத்தது. 1928-இல் அவரும், உடன் பணியாற்றிய ஹெரால்ட் லூமிஸும் அதை விவரித்து, இல்லாக்மி பிளெனிப்பெஸ் என்று பெயரிட்டார்கள். பிளெனிப்பெஸ் என்றால் பாதங்கள் நிறைந்தது. 750 கால்கள்! அன்றைக்கு உலகிலேயே அதிகக் கால்கள் கொண்ட உயிர் அதுதான்.

அதன்பின் அந்தப் பூச்சியைக் காணவில்லை. ஓராண்டு, ஈராண்டு அல்ல, 79 ஆண்டுகள். அது அழிந்து போயிருக்கலாம் என்றுகூட எண்ண இடமிருந்தது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பால் மாரெக் என்ற இளைஞர் பழைய குறிப்பை வைத்துக் கொண்டு அதே வட்டாரத்துக்குப் போனார். 2005 நவம்பரில் அங்கேயே, அதே பூச்சியைக் கண்டெடுத்தார். மொத்தம் 12 பூச்சிகள் கிடைத்தன. குக் எங்கே எடுத்தோம் என்பதை ஒழுங்காக எழுதி வைத்திருக்காவிட்டால் மாரெக் எங்கே போய்த் தேடியிருப்பார்? பூச்சியைப் பிடிப்பதைவிட, பிடித்த இடத்தையும் நாளையும் சீட்டில் எழுதி வைப்பது பெரிய வேலை என்பது என் எண்ணம்.

இனி ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ‘கோல்டுஃபீல்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு பெரும் பரப்பு உண்டு. பெயரே சொல்வது போல் தங்கம் கிடைக்கும் நிலம். மேலே வறண்ட செம்மண், காய்ந்த புதர், கடும் வெயில். நம் ஊர் மரவட்டை அங்கே ஒரு பகல் தாங்காது. ஈரம் இல்லாமல் மரவட்டைக்கு வாழ்வில்லை. அதன் மேற்றோல் நீரைக் காத்து வைக்க வல்லதன்று. கனிமம் தேடுவோர் அந்த நிலத்தில் ஆழமாகத் துளையிட்டுப் பாறைத் துண்டுகளை எடுத்துச் சோதிப்பார்கள். சோதனை முடிந்ததும் துளை அப்படியே கிடக்கும்.

அந்த மாநிலத்தில் ஒரு நல்ல நடைமுறை உண்டு. சுரங்கம் தோண்டுமுன், நிலத்துக்கு மேலே உள்ள மரம், பறவைகளோடு, நிலத்துக்குக் கீழே வாழும் சிற்றுயிர்களையும் கணக்கெடுக்கக் கேட்கிறார்கள். கணக்கெடுப்பவர்கள் பொறிகளைக் கயிற்றில் கட்டி அந்தத் துளைகளுக்குள் இறக்குவார்கள். பொறி என்றால் பெரிய இயந்திரம் அல்ல. ஈரமான இலைக்குப்பை நிரப்பிய சிறு குவளை, அவ்வளவுதான். வாசனையும் ஈரமும் இழுக்க, பாறை வெடிப்புகளில் வாழும் பூச்சிகள் வந்து குப்பைக்குள் புகுந்து கொள்ளும். சில வாரங்கள் கழித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். 2020-இல் அப்படித் தூக்கிய குவளைகளில், 60 மீட்டர் ஆழம் வரை இறங்கியவற்றில், வெளிறிய நூல் துண்டு போன்ற ஒன்று இருந்தது. 60 மீட்டர் என்பது எவ்வளவு? முதிர்ந்த பால்மரங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அந்த ஆழத்தை எட்டுவது அரிது.

பெர்த் நகரில் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய புருனோ புஸாட்டோ அந்த நூலைப் பார்த்தார். இது சாதாரண மரவட்டை அன்று என்று அவருக்குப் பட்டது. கலிபோர்னியாவில் குக்கின் பூச்சியை மீட்டெடுத்த மாரெக்கோடு தொடர்பு கொண்டார். மாரெக் அப்போது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பேராசிரியர். இவ்வாறு இரண்டு நாட்டு ஆய்வாளர்கள் எழுவர் சேர்ந்து அந்தப் பூச்சியை விவரிக்கும் வேலையில் இறங்கினார்கள்.

விவரித்தல் என்பது என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். முதல் வேலை, இது ஏற்கெனவே பெயர் பெற்ற இனமா என்று பார்ப்பது. பழைய நூல்களைப் புரட்ட வேண்டும். அருங்காட்சியகப் புட்டிகளில் உள்ள பூச்சிகளோடு ஒப்பிட வேண்டும். மரவட்டைகளில் நிறத்தையும் நீளத்தையும் நம்ப முடியாது. பெரும்பாலான மரவட்டைகளில் ஆணின் ஏழாவது வளையத்தை ஒட்டிய கால்கள் நடப்பதற்கு உதவா, இனப்பெருக்கத்துக்காக உருமாறியிருக்கும். பூட்டுக்குப் பூட்டு சாவி வேறுபடுவது போல், இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் வேறுபடும். நுண்ணோக்கியில் அதைத்தான் முதலில் தேடுவார்கள். இந்தக் காலத்தில் உயிரணுவில் உள்ள மரபுப் பொருளையும் படித்துப் பார்க்கிறார்கள். இந்தப் பூச்சிக்கும் அதைச் செய்தார்கள்.

அப்போது ஒரு வியப்பு தெரிந்தது. குக் கண்ட கலிபோர்னியா மரவட்டையும் நூல், இதுவும் நூல். இரண்டும் நெருங்கிய சொந்தம் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். ஆனால் இரண்டும் வெவ்வேறு பெரும் பிரிவுகளைச் சேர்ந்தவை. நிலத்தடி வாழ்க்கை இரண்டையும் தனித்தனியே ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. குறுகிய வெடிப்பில் நுழைய உடல் மெலிய வேண்டும். மண்ணைத் தள்ளிக் கொண்டு முன்னேறக் கால்கள் பெருக வேண்டும். ஒரு லாரி சகதியில் சிக்கினால் பத்துப் பேர் தள்ளுவதற்கும் இருபது பேர் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும்.

பூச்சியின் அளவுகளைக் கேளுங்கள். நீளம் 95 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதாவது பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கண்கள் கிடையாது, இருட்டில் கண்ணுக்கு என்ன வேலை? அதற்குப் பதிலாகப் பெரிய உணர்கொம்புகள். கூம்பு வடிவத் தலை. இதன் உறவினங்கள் காளான் வகைகளை உண்பதால், இதுவும் அவ்வாறே உண்ணும் என்று கருதுகிறார்கள்.

இனிக் கால் கணக்கு. பள்ளிப் பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். கிடைத்தவற்றில் மிக நீளமான பெண் பூச்சிக்கு 330 வளையங்கள். தலையை அடுத்த முதல் வளையத்தில் காலே இல்லை. அடுத்த மூன்று வளையங்களில் ஒவ்வொரு சோடி; ஆக 6 கால்கள். அதன்பின் வளையம் ஒன்றுக்கு இரண்டு சோடி, அதாவது 4 கால்கள். வால் முனையில் ஒரு வளையம் மீண்டும் காலில்லாதது. 330-இல் முதல் நான்கையும் கடைசி ஒன்றையும் கழித்தால் 325. அதை நான்கால் பெருக்கினால் 1300. முன்னே சொன்ன 6-ஐக் கூட்டினால் 1306. இன்னொரு பெண் பூச்சிக்கு 253 வளையங்கள். அதன் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 998 வர வேண்டும். ஆயிரத்துக்கு இரண்டு கால் குறைவு, பாவம். ஆண்களுக்குக் கால்கள் இன்னும் குறைவு.

இந்த வேறுபாடு ஏன்? மரவட்டை பிறக்கும்போதே எல்லாக் கால்களோடும் பிறப்பதில்லை. தோலுரிக்கும்போது வால் பக்கத்தில் புது வளையங்கள் சேரும். ரயிலுக்குக் கடைசிப் பெட்டியின் அருகில் புதுப் பெட்டி கோப்பது போல. இவ்வகை மரவட்டைகள் வளர்ந்த பிறகும் பெட்டி கோத்துக் கொண்டே இருக்கும். ஆகவே 1306 என்பது அந்த ஒரு பூச்சியின் கணக்கு. அதைவிட மூத்தது ஒன்று பாறைக்குள் எங்கேனும் இருக்குமானால் அதற்குக் கால்கள் கூடுதலாக இருக்கலாம்.

நம் வீட்டுப் பக்கத்து மரவட்டையிலும் பிள்ளைகள் வளையங்களை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. மரவட்டை கடிக்காது, பயந்தால் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து ஒரு நீரைக் கசிய விடும். கையில் பட்டால் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படியும், சிலருக்கு எரியும். கண்ணில் பட்டால் தொல்லை பெரிது. ஒரு குச்சியில் ஏற்றிப் பாருங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கால்களை எண்ணியாயிற்று, பெயர் வைக்க வேண்டும். யூமில்லிப்பெஸ் பெர்செஃபனி என்று வைத்தார்கள். முதற்சொல்லின் பொருள் ‘மெய்யான ஆயிரங்கால்’. இரண்டாவது, கிரேக்கப் புராணத்தில் வரும் ஒரு பெண் தெய்வத்தின் பெயர். மேலுலகில் பூப்பறித்துக் கொண்டிருந்த அவளைப் பாதாள அரசன் தூக்கிச் சென்று தன் அரசியாக்கினான் என்பது கதை. ஆஸ்திரேலியா ஒரு காலத்தில் இவ்வளவு வறண்ட நிலமன்று. மேலே காடும் ஈரமும் வற்றி வெயில் ஏற ஏற, அதன் முன்னோர்கள் ஈரம் தேடிப் பாறைக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கட்டுரையில் அச்சாகிவிட்டால் மட்டும் போதாது. விவரித்த பூச்சிகளில் ஒன்றை மூல மாதிரியாகக் குறித்து, ஆல்கஹாலில் இட்டு, சீட்டு ஒட்டி, பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். பெர்செஃபனியின் மாதிரிகள் பெர்த் நகரில் உள்ள மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தோட்டத்துத் தராசின் மீது ஐயம் வந்தால் முத்திரையிட்ட படிக்கல்லை வைத்துச் சரிபார்ப்பார்கள் அல்லவா? அந்தப் புட்டிதான் படிக்கல். நூறு ஆண்டு கழித்து எவருக்கேனும் ஐயம் வந்தாலும் அதை எடுத்து ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகள் எல்லாம் பட்டம் பெற்றவர்களுக்கே உரியவை என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரில் மைக் நியூமன் என்பவர் பேருந்து ஓட்டுநர். ஓய்வு நேரத்தில் கடற்கரைப் பாறைகளில் கல்லாகிப் போன பழைய உயிர்களைத் தேடுவது அவருடைய வழக்கம். 2003-இல் ஸ்டோன்ஹேவன் என்ற ஊரின் கரையில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு துண்டு கிடைத்தது. ஒரு மரவட்டையின் துண்டு. 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. அதன் பக்கவாட்டில் மூச்சுத் துளைகள் இருந்தன. காற்றைச் சுவாசித்துத் தரையில் வாழ்ந்த உயிர்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. 2004-இல் அதை விவரித்த ஆய்வாளர்கள் அந்த ஓட்டுநரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்: நியூமோடெஸ்மஸ் நியூமனி. அமெரிக்காவிலும், லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரை ஒட்டிய பகுதியில் இயற்கை ஆர்வலர்கள் ஒரு மரவட்டையைக் கண்டார்கள். 486 கால்கள் கொண்ட அது, குக் கண்ட பூச்சிக்கு நெருங்கிய உறவு. 2023-இல் பெயர் பெற்றது. இலட்சக்கணக்கானோர் நடமாடும் ஊரின் காலடியில், ஒரு சாண் ஆழம்கூட இல்லாத மண்ணில் அது இருந்தது.

நூல் போன்ற ஒரு பூச்சிக்குப் பெயர் வைத்து என்ன ஆகப் போகிறது என்ற கேள்வி நியாயமானதே. இதற்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. மரவட்டையில் அல்ல, நத்தையில். பகாங் மாநிலத்தில் குவாந்தானுக்கு அருகில் புக்கிட் பாஞ்சிங் என்ற சுண்ணாம்புக் குன்று இருந்தது. கல்லுடைத்து உடைத்து, 2000-த்தைத் தொடர்ந்த பத்தாண்டுகளுக்குள் குன்று தரைமட்டமாயிற்று. அந்த ஒரு குன்றில் மட்டுமே வாழ்ந்த பிளெக்டோஸ்தோமா சியாஃபிலம் என்ற சிறு நத்தை இனமும் அதோடு அழிந்தது. அது அழிந்தது என்று சொல்ல முடிவதே அதற்கு முன்கூட்டியே ஒரு பெயர் இருந்ததால்தான். பெயரில்லாமல் அந்தக் குன்றில் வேறு என்னென்ன ஊர்ந்து கொண்டிருந்தனவோ, அவை எந்தக் கணக்கிலும் வராமலே போயின.

பேராக்கில் ஈப்போவுக்கு வடக்கே, செம்மோர் பக்கத்தில் உள்ள குனோங் கந்தானின் கதை சற்று வேறு. அங்கும் சிமென்டுக்காகக் கல்லுடைத்தார்கள். 1997-இல் அந்தக் குன்றின் குகையில் வாழும் ஒரு சிலந்தி விவரிக்கப்பட்டு, குன்றின் பெயராலேயே லிஃபிஸ்டியஸ் கந்தான் என்று பெயர் பெற்றது. 2014-இல் அங்கேயே ஒரு புதிய நத்தையைக் கண்ட ஆய்வாளர் இருவர், அப்போது அங்கே கல்லெடுத்துக் கொண்டிருந்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: லஃபார்கே. நத்தை பிழைப்பதும் அழிவதும் யார் கையில் இருக்கிறது என்பதை அந்தப் பெயரே காட்டிவிட்டது. வெடி வைக்கும் எல்லையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கையில் காட்டுவதற்கு இரண்டு பெயர்களும் இரண்டு கட்டுரைகளும் இருந்தன.

ஆஸ்திரேலிய மரவட்டையின் கட்டுரையிலும் இதே கவலை உண்டு. அது வாழும் பகுதியெங்கும் சுரங்க வேலை பரவிக் கிடக்கிறது. ஆகவே அந்த நிலத்தடி வாழ்விடத்தைக் காப்பது மிக இன்றியமையாதது என்று எழுவரும் எழுதி வைத்தார்கள். அந்தப் பூச்சி கிடைத்தது மொத்தம் மூன்று துளைகளில். மூன்றும் கனிமம் தேடுவதற்காகப் போடப்பட்ட துளைகளே.